துண்டு மரமும் ஒரு வரலாற்றுப் பாடமும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள், இன்னும் ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு நான் கல்யாணத்துக்கோ புதுமனை புகுவிழாவுக்கோ போனால் மொய்க்கவரோடு ஒரு சின்ன மரச்சாமானும் எடுத்துப் போவது உங்களில் பலருக்குத் தெரியும். கதவுக்கு ஆப்பு, செல்போன் தாங்கி, சூடான பாத்திரம் இறக்கி வைக்க ஒரு மணை. அவ்வளவுதான் என் சரக்கு. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் பட்டறைகளில் ஒதுக்கிப் போட்ட துண்டு மரம்தான் மூலப்பொருள்.

இதைப் பார்க்கிறவர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மாணவர்கள், "சார், இதை எங்கே கத்துக்கிட்டீங்க?" என்கிறார்கள். உறவுக்காரப் பெரியவர்களோ, "ஏம்ப்பா, பென்ஷன்தான் வருதே, உனக்கு எதுக்கு இந்த ஆசாரி வேலை?" என்கிறார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். சேலையூரில் ஒரு பட்டறையில் மூன்று மாதம் காலையில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பட்டறைக்காரர் வயதில் என்னைவிட இருபது வருஷம் இளையவர். நான் அவரை மேஸ்திரி என்பேன், அவர் என்னை சார் என்பார். முதல் வாரம் முழுக்க உளி தீட்ட மட்டும்தான் விட்டார். "சார், தீட்டத் தெரியாதவன் கையில உளி கொடுத்தா மரமும் போச்சு, விரலும் போச்சு" என்றார்.

இரண்டாவது கேள்விதான் வரலாற்று வாத்தியாருக்குத் தீனி போடும் கேள்வி. "ஆசாரி வேலை" என்று நாம் சொல்லும் அந்தத் தொனி எங்கிருந்து வந்தது? மரத்தைக் கையால் தொடுவது ஏன் ஒருவருக்குப் பெருமையாகவும் இன்னொருவருக்கு இளக்காரமாகவும் இருக்கிறது?

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். மரச்சாமானைப் பரிசாகக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. குழந்தை நடக்கத் தொடங்கும்போது தாய்மாமன் நடைவண்டி வாங்கி வருவார். சில குடும்பங்களில் கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு மரப்பாச்சி ஜோடி கொடுத்து அனுப்புவார்கள். பெரியவர்கள் புத்தகம் வைத்துப் படிக்க சிக்குப்பலகை இருந்தது. ஒரே பலகையைக் கீலோ ஆணியோ இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி அறுத்து, விரித்தால் பெருக்கல் குறி போல நிற்கும்படி செய்வார்கள். மடக்கினால் மறுபடியும் ஒரே பலகை. இன்றைய செல்போன் தாங்கிக்கு அதுதான் பாட்டனார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பரிசு கொடுத்தவர் ஒருவர், செய்தவர் வேறொருவர். கிராமத்துத் தச்சருக்கு ஏர்க்கலப்பை செய்வதிலிருந்து கதவு நிலை வைப்பது வரை எல்லா வேலைக்குமாகச் சேர்த்து, அறுவடையின்போது களத்தில் மேரை என்று நெல் அளந்து கொடுத்தார்கள். அவர் செய்த பொருள் அவர் கையை விட்டுப் போகும்போது அது கடமை. அதை வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்தவருக்குத்தான் அது அன்பளிப்பு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு கொஞ்சம் வடக்கே போவோம். வடக்கே என்றால் ரொம்ப வடக்கே, பின்லாந்துக்கு.

ஊனோ சிக்னேயஸ் என்று ஒரு பாதிரியார். அலாஸ்காவில் சில வருஷங்கள் ஊழியம் செய்துவிட்டு வந்தவர். பின்லாந்தின் பொதுப்பள்ளிகளுக்குத் திட்டம் வகுத்தவர் இவர்தான். அப்போது பின்லாந்து ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. 1866இல் வந்த பள்ளிச் சட்டத்தில் கைவேலையும் ஒரு பாடமாக இடம்பெற்றது. ஒரு தேசத்தின் பள்ளிகளில் கைவேலை கட்டாயப் பாடமானதற்கு இதைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள்.

பக்கத்து நாடான ஸ்வீடனில் ஓட்டோ சாலமன் என்ற இளைஞர் இதைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மாமா ஆகஸ்ட் ஆப்ரகாம்சன் பெரிய வியாபாரி. கோத்தன்பர்க் நகரத்துக்கு அருகே நேஸ் என்ற பண்ணையை வாங்கியிருந்தார். அங்கே 1872இல் கைவேலைப் பள்ளி தொடங்கினார்கள், பின்னர் ஆசிரியர்களுக்கான பயிற்சி நிலையமும் வந்தது. 1877இல் சாலமன் நேரில் போய் சிக்னேயஸைச் சந்தித்துப் பேசினார். அதன் பிறகுதான் அவருடைய முறை தெளிவான உருவம் பெற்றது. அந்த முறைக்கு ஸ்லாய்டு என்று பெயர். ஸ்வீடிஷ் மொழியில் கைவேலை என்று பொருள்.

குளிர்காலம் நீண்ட அந்த ஊர்களில் விவசாயக் குடும்பங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து கரண்டி, கைப்பிடி, முக்காலி என்று செதுக்கிக்கொண்டிருந்தன. தொழிற்சாலைச் சாமான் வந்ததும் அந்தப் பழக்கம் தேயத் தொடங்கியது. அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார் சாலமன். சின்னச் சின்னச் சாமான்கள் வரிசையாக. முதலில் ஒரு சிறு குச்சி, சுட்டிக்காட்டும் கோல் மாதிரி. அதற்குக் கத்தி மட்டும் போதும். பிறகு செடிக்கு ஊன்றுகோல், அளவுகோல், அகப்பை, கோடரிப் பிடி, கடைசியில் ஸ்டூல், மேஜை. ஒவ்வொரு சாமானிலும் ஒரு புதுக் கருவியோ ஒரு புது வேலையோ சேரும். முந்தையது கைக்கு வந்த பிறகுதான் அடுத்தது. முதல் சாமான்களுக்கு ஒரு விரல்கடை மரத்துண்டு போதும்.

அவர் வகுத்த விதிகளில் நான்கைச் சொல்கிறேன். ஒன்று, செய்யும் பொருள் வீட்டில் உபயோகப்பட வேண்டும், ஷோகேஸ் சாமான் கூடாது. இரண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை அந்தப் பிள்ளையே செய்ய வேண்டும், வாத்தியார் கை வைத்து அழகுபடுத்தக் கூடாது. மூன்று, சொல்லித்தர வேண்டியவர் பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியர். ஏனென்றால் தச்சர்களை உருவாக்குவது நோக்கமே அல்ல, கையும் கண்ணும் பொறுமையும் சேர்ந்து வளர்வதுதான் நோக்கம். நான்காவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. செய்து முடித்த பொருள் அந்தப் பிள்ளைக்கே சொந்தம். அதை அவன் வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மா கையில் கொடுக்கலாம்.

பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் நேஸுக்கு வந்து படித்தார்கள், பெண்களும் வந்தார்கள். ஸ்வீடன் பள்ளிகளில் இன்றும் ஸ்லாய்டு கட்டாயப் பாடம்தான். முன்பெல்லாம் ஆண் பிள்ளைக்கு மரம், பெண் பிள்ளைக்குத் துணி என்று பிரித்து வைத்திருந்தார்கள். 1960களில் அந்தப் பிரிவினையை மாற்றத் தொடங்கினார்கள்.

இப்போது நம் பக்கம் வருவோம், ஆனால் தென்னாப்பிரிக்கா வழியாக. 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே காலன்பாக் என்ற நண்பர் கொடுத்த நிலத்தில் காந்தி டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். சத்தியாகிரகத்தில் சிறை போனவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களில் தமிழர்கள் நிறைய. அங்கே வளர்ந்த பிள்ளைகள் படிப்போடு தோட்ட வேலை, தச்சு வேலை, செருப்புத் தைப்பது எல்லாம் செய்தார்கள். காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்தில் செருப்புத் தைக்கக் கற்று வந்து காந்திக்குச் சொல்லிக்கொடுத்தார். பின்னர் காந்தி சிறையில் தன் கையால் தைத்த ஒரு ஜோடிச் செருப்பை, 1914இல் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்பும்போது, தன்னைச் சிறையில் போட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கே பரிசாக அனுப்பினார். ஸ்மட்ஸ் அதைப் பல வருஷம் வைத்திருந்து, 1939இல் காந்தியின் எழுபதாம் பிறந்தநாளையொட்டித் திருப்பிக் கொடுத்தார். பாரிஸ்டர் ஒருவர் தோலைத் தொட்டுத் தைத்த செருப்பு அது. யாரும் அவரைத் தைக்கச் சொல்லவில்லை, விற்கவும் சொல்லவில்லை. அதனால்தான் அது பரிசு.

1937 அக்டோபரில் வார்தாவில் நடந்த மாநாட்டில் காந்தி தம் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். நாம் ஆதாரக் கல்வி என்று சொல்கிறோமே, அதுதான். ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு பாடத்திட்டம் தயாரித்தது. நூற்பு, நெசவு, தச்சு, விவசாயம் என்று ஒரு கைத்தொழிலை மையமாக வைத்து மற்றப் பாடங்களை அதன் வழியாகச் சொல்லித்தர வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் பணத்துக்கு எங்கே போவது? அன்று மாகாண அரசுகளுக்குக் கள், சாராய வரிதான் பெரிய வருமானம், அதிலிருந்துதான் பள்ளிகளும் நடந்தன. மதுவிலக்கு வந்தால் அந்த வருமானம் போய்விடும். நம் மாகாணத்தில் ராஜாஜி அதே 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவிட்டார். ஆகவே பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று அந்த வருமானத்தில் பள்ளி தன் காலில் நிற்க வேண்டும் என்றார் காந்தி.

இங்கேதான் வண்டி தடம் மாறியது என்பது என் எண்ணம். ஸ்வீடனில் பையன் செய்த அகப்பை அம்மாவுக்குப் போனது. வார்தாத் திட்டத்தில் பையன் நூற்ற நூல் வாத்தியார் சம்பளத்துக்குப் போக வேண்டும். விற்பனைக்கு முக்கியத்துவம் கொடுத்தால் படிப்பு அடிபட்டுவிடும் என்று ஜாகிர் உசேன் குழுவே தன் அறிக்கையில் எச்சரித்தது. நான் 1960களில் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது எங்களுக்கும் தக்ளி இருந்தது. நூற்ற நூல் எங்கே போனது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு ஒரு முழம்கூட வந்ததில்லை. ஆசையும் வந்ததில்லை.

அதற்குள் தமிழ்நாட்டில் இன்னொன்று நடந்திருந்தது. பத்தாம் வகுப்பில் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோருடைய தொழிலைக் கற்க வேண்டும். அவர் சொன்ன காரணத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கட்டடமும் ஆசிரியரும் பணமும் போதாத காலம். இரண்டு ஷிப்டாக நடத்தினால் அதே பள்ளியில் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம், உழைப்புக்கும் மரியாதை வரும் என்பது அவர் வாதம்.

ஆனால் ஊர் எப்படி இருந்தது? சவரத் தொழிலாளி பிள்ளை கத்தியைப் பிடிக்க வேண்டும், சலவைத் தொழிலாளி பிள்ளை மூட்டையைச் சுமக்க வேண்டும். அப்பன் பிழைப்பே பிள்ளைக்கும் என்று எழுதி வைத்த மாதிரி ஆகிவிட்டது. பெரியாரும் திராவிட இயக்கமும் இதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் போராடினார்கள். காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு. ராஜாஜி பதவி விலகினார், 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது சரியே. அந்த மூன்று மணி நேரம் நீடித்திருந்தால் உங்களில் எத்தனை பேருடைய அப்பா அம்மா பள்ளிப் படிப்பை முடித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனாலும் ஒரு வடு தங்கிவிட்டது. படிப்பு என்றால் கையில் தூசி படாமல் இருப்பது, கையில் கருவி என்றால் படிப்பு வராதவன் என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு உறைந்துபோனது. பின்னால் வந்த திட்டங்களால் அதை அசைக்க முடியவில்லை. 1964–66 கோத்தாரி கல்விக்குழு பணி அனுபவம் என்று ஒன்றைச் சொன்னது. 1977இல் ஈஸ்வர்பாய் படேல் குழு, சமூகத்துக்குப் பயன்படும் ஆக்கவேலை என்றது. கால அட்டவணையில் அதற்கென்று பீரியடும் வந்தது. பரீட்சை நெருங்கினால் அந்த பீரியடில் எந்த சார் வந்து கணக்குப் போட்டார் என்பது உங்களுக்கே நினைவிருக்கும்.

ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் சொல்ல மாட்டேன். ஆண்டுத் தொடக்கத்தில் பதிவேட்டுக்காக அப்பா தொழில் என்ன என்று கேட்டால் "பிசினஸ்" என்பான். அவன் அப்பா தச்சர் என்பது எனக்குத் தெரியும், அந்த வட்டாரத்தில் அவர் செய்த நிலைக்கதவுகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சொல்லை வகுப்பில் சொன்னால் என்ன நடக்கும் என்று பதினாலு வயதிலேயே அவனுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

இந்த விவகாரம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2023இல் வந்த பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை குலக்கல்வியை நினைவூட்டுகிறது என்று நம் மாநில அரசு மறுத்தது. சாதி, குடும்பம் பார்க்காத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. யார் பக்கம் சரி என்று கமெண்டில் சண்டை போட வேண்டாம். எழுபது வருஷத்துக்குப் பிறகும் உளியை யார் பிடிப்பது என்பது நமக்குச் சாதாரணக் கேள்வி இல்லை என்பதை மட்டும் பாருங்கள்.

என் முடிவு இதுதான். உளி ஒன்றுதான். செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை யாரிடம், செய்த பொருள் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் எல்லா வித்தியாசமும். பிறப்பைக் காட்டிப் பிடிக்கச் சொன்னால் அது தளை. விற்று வரச் சொன்னால் அது வேலை. நானாக விரும்பிச் செய்து எனக்குப் பிரியமானவருக்குக் கொடுத்தால்தான் பரிசு. குலக்கல்வியை எதிர்த்தவர்கள் கருவியை எதிர்க்கவில்லை, கட்டாயத்தைத்தான் எதிர்த்தார்கள். நாம் கட்டாயத்தோடு சேர்த்துக் கருவியையும் தூக்கிப் போட்டுவிட்டோம்.

பொறியியல் படித்த மாணவர்களே, முதலாண்டு ஒர்க்‌ஷாப் ஞாபகம் இருக்கிறதா? மரத்தில் இணைப்பு ஒன்று அறுத்து மார்க் வாங்கியிருப்பீர்கள். இரண்டு கட்டைகளில் பாதிப் பாதி ஆழம் வெட்டிக் குறுக்காகப் பொருத்துவீர்களே, அது. மார்க் போட்டதும் அது கழிவுக் குவியலுக்குப் போயிருக்கும். நான் செய்யும் மணை அதேதான். ஏழு அங்குல நீளம், ஒரு அங்குல அகலம், முக்கால் அங்குல கனத்தில் இரண்டு சட்டம். நடுவில் பாதிக் கனத்துக்கு வெட்டிக் கோத்தால் கூட்டல் குறி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் குக்கர் இறக்கி வைக்கலாம். கழிவுக்குப் போன பாடத்தை அம்மாவிடம் கொடுத்திருக்கலாம்.

அதைவிடச் சுலபம் கதவு ஆப்பு. சாயங்காலம் கடற்காற்று வந்ததும் அடுக்குமாடி வீடுகளில் கதவுகள் படார் படார் என்று அடிக்கின்றனவே, அதற்கு. ஐந்து அங்குல நீளம், ஒன்றரை அங்குல உயரமுள்ள கட்டை ஒன்று எடுங்கள். ஒரு முனையில் மேலிருந்து கால் அங்குலம் விட்டு, மறு முனையில் கீழிருந்து கால் அங்குலம் விட்டு, சாய்வாக ஒரே அறுப்பு. இரண்டு ஆப்பு கிடைக்கும். அடியில் பழைய சைக்கிள் டியூப் ஒட்டினால் வழுக்காது. ஒன்று நமக்கு, ஒன்று கொடுக்க. "சார் எனக்கு ஆப்பு வச்சிட்டாரு" என்று நீங்கள் ஸ்டேட்டஸ் போட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நம் பக்கம் தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும் இடங்களில் பழைய தேக்கு நிலையும் ஜன்னல் சட்டமும் வருகின்றன. பட்டறைக்காரர் நல்லதை எடுத்துக்கொண்டு மீதியை அடுப்புக்கு ஒதுக்குவார். கேட்டு வாங்குங்கள், காசு கொடுத்தே வாங்குங்கள். தொழிற்சாலைகளுக்கு இயந்திரப் பாகங்கள் வரும் பைன் மரப் பெட்டிகளும் கிடைக்கும். அவற்றில் கோதுமைக் கதிர் முத்திரையைத் தேடுங்கள். அதில் எச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், பூச்சி சாக மரத்தின் உள்பாகம் வரை 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்தார்கள் என்று அர்த்தம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது, அதைச் சமையலறைப் பக்கமே கொண்டுவர வேண்டாம். பழைய கட்டையில் ஆணி ஒளிந்திருக்கும், காந்தம் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு ரம்பத்தை வையுங்கள். நார் ஓடும் பக்கமாகவே இழைப்புளி போக வேண்டும், எதிர்த்துப் போனால் மரம் பிய்யும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற கோடை விடுமுறையில் பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான், ஒரு சாமானாவது செய்ய விடுங்கள். கோணலாக வந்தால் நீங்கள் திருத்தாதீர்கள். யாருக்குக் கொடுப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். அவர்கள் பொறியாளர் ஆகட்டும், டாக்டர் ஆகட்டும், விருப்பம் இருந்தால் தச்சரே ஆகட்டும். வீட்டுக்கு மரவேலை செய்ய வருகிறவரை "ஏய்" என்று கூப்பிடாத பிள்ளையாக வளர்ந்தால் எனக்கு அது போதும்.

பெரியவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், இது ஆசாரி வேலைதான். சொல்லிக்கொடுத்தவர் அந்தத் தொழில் செய்கிறவர்தான். அவருடைய கைநேர்த்தி எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. அதனால்தான் விற்காமல் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தாம்பரம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். திண்ணையில் ஒரு சாக்கு நிறையத் துண்டு மரம் இருக்கிறது. இரண்டு ரம்பமும் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்